எலியின் வலது கண்

எதிர்பார்த்தது கிடைத்துவிட்டால் அதற்குமேல் பார்க்காமல் இருப்பது ஆராய்ச்சி மாணவர்களுக்கு வரும் வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

வேலூரில் ஒரு லேபில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எலிக் கருவின் விழித்திரையில் ஒரு துளி எடுத்து, வளர்ந்த எலியின் வலது கண்ணில் இருக்கும் விழித்திரையைக் கெடுத்துவிட்டு அங்கே வைப்போம். இடது கண்ணைத் தொட மாட்டோம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சில வாரம் கழித்து இரண்டு கண்களையும் எடுத்து, மெல்லிசாகச் சீவி, வைத்த திசு எப்படி வளர்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். அடுக்கடுக்காக, பாடப்புத்தகப் படம் மாதிரி முழு விழித்திரை! (பரிசு வாங்க சுவீடன் போனால் ஸ்வெட்டர் வேண்டுமே என்றுகூட யோசித்தேன்.) உடனே ஆம்பூருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா, தன்னோடு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நசீர் மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமாவுக்கு விழித்திரை கெட்டு, பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது.

நான் முடிவுகளைக் காட்ட வேண்டிய நாளன்று, ஒரு கிலோ மக்கன் பேடாவோடு மாமா லேபுக்கே வந்துவிட்டார். என் வழிகாட்டியான மேடம் அவரையும் உட்காரவைத்தார்.

படத்தைப் பெருமையாகத் திரையில் போட்டேன்.

"இது எந்தக் கண்ணும்மா?" என்றார் மேடம்.

"வலது, மேடம்."

"கண்ணை எடுத்து பாட்டில்ல போட்டு பேர் எழுதினியே, அப்ப எலியோட முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என்னைப் பார்த்து…" சொல்லும்போதே புரிந்துவிட்டது. என் வலது, எலிக்கு இடது. நான் அத்தனை நாள் கொண்டாடியது, அந்த எலி பிறக்கும்போதே கொண்டுவந்த விழித்திரையை.

முதலில் வாய் திறந்தது மாமாதான்.

"இன்னாம்மா இது, ஷூ கம்பெனிக்காரன் பொண்ணுக்கு வலது இடது தெரியலியா?"

அறையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. வீணா ஆசை காட்டிட்டேன்."

"எலிக்கே இன்னும் வரல, எனக்கு இன்னா அவசரம்? பேஜாராவாத. பேடா சாப்டு."

அதற்குள் மேடம், கெட்டுப்போனது என்று நான் ஒதுக்கிவைத்த சீவல்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இதுதான் நீ வெச்சது."

சின்னச் சின்ன வட்டங்கள். கருத்திசு நன்றாகவே வளர்ந்திருந்தது. ஆனால் அடுக்காகப் படியாமல் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தது. வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் ஒவ்வொரு வளையத்திலும் உள்பக்கம் பார்த்து நின்றன.

மாமாவுக்கு நேர்ப்பார்வை மட்டும் இன்னும் இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். "வளையல் கடை மாதிரி இருக்குதேம்மா!"

அந்த வளையல்களை வைத்துத்தான் பிறகு முனைவர் பட்டம் வாங்கினேன். ஆனால் வீட்டில் அதற்கெல்லாம் மரியாதை கிடையாது. இன்றைக்கும் கார் ஓட்டிக்கொண்டே "இங்க வலது பக்கமா திரும்பணும்?" என்று கேட்டால் போதும். பின்சீட்டிலிருந்து அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

"உனக்கு வலதா, எலிக்கு வலதா?"