என்னைப் பற்றி நானே கொடுத்த வாக்குமூலம்

என்னைப் பற்றிப் போலீஸிடம் தப்பாகச் சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். அது நான்தான். ராஜபாளையத்தில், பட்டப்பகலில், தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொன்னேன். கடைசியில் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு (எட்டில் பாதி என்றால்தான் சரி). கட்டினவர், மகள் பிறந்த மறுவருஷம் வேலை தேடிப் போனார். கிடைத்ததா என்று இன்றுவரை தகவல் இல்லை. பிறகு நான் தேடிப் போனேன், வேலையை. திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். கொச்சிப் பக்கம் இறால் உரித்தேன். பெங்களூரில் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். மகள் தீபா, மம்சாபுரத்தில் என் அக்கா பேச்சியம்மாள் வீட்டில் வளர்ந்தாள்.

அவளுக்கு ஏழு வயது நடந்தபோது ஒருநாள் போயிருந்தேன். வாசலில் என்னைப் பார்த்தவள் உள்ளே திரும்பி, "பெரியம்மா, அம்மா வந்திருக்காவ" என்று சொன்னாள். பிறகு எனக்கு ஒரு சேர் எடுத்துப் போட்டாள். கரண்ட் பில் கணக்கெடுக்க வருகிறவருக்குப் போடுகிற மாதிரி. அந்தச் சேரில் உட்கார்ந்தபோதுதான், சுற்றினது போதும் என்று முடிவு செய்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு ரூம் வாடகைக்குப் பிடித்து, பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே வேறு வேலை தேடினேன். மூன்றாவது மாசம் ஒன்று வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கும் ஆபீசுகளுக்கும் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஒரு காப்பகம். ஆயா வேலை. பின்கட்டில் ஒரு அறை உண்டு. மகளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கண்ணெல்லாம் அந்த அறைமேல்தான். கதவுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

காப்பகம் நடத்திய மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போலீஸ் விசாரித்து, என்மேல் குற்றம் குறை ஏதும் இல்லை என்று சான்று தர வேண்டும்.

எனக்கு சுர்ரென்றது. "என் மூஞ்சியப் பாத்தா பிள்ளை பிடிக்கிறவ மாதிரியா இருக்கு மேடம்?"

"மூஞ்சிய வச்சு நான் ஒருத்தரையும் சேக்கிறதில்ல" என்றார் மேடம். "ரெண்டு வயசுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரியாது. அது கேக்க வேண்டியத நான் கேக்கேன். என் சொந்தத் தங்கச்சிக்கும் கேட்டுத்தான் சேத்தேன்."

பேச்சில் என்னை யாரும் மடக்க முடியாது என்பது என் நினைப்பு. அன்றைக்கு, மனு எங்கே போடுவது என்று மேடத்திடமே கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிரவுசிங் சென்டரில் மனு போட்டேன். இதற்கு முன் எங்கெங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்லச் சொல்ல டைப் அடித்த பெண், நாலாவது ஊருக்கு விரலை எடுத்துவிட்டாள். "அக்கா, இது அப்ளிகேஷனா, டூரிஸ்ட் பஸ் ரூட்டா?"

வீடு வந்ததும் தெருவைத் தயார் செய்தேன். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நீ சும்மா இருட்டி. போலீஸ் வரட்டும், உன்னத் தங்கம்னு சொல்லிருதேன். தங்கத்துல கொஞ்சம் செம்பு கலந்திருக்கும், அதச் சொல்ல மாட்டேன்."

நான் தினமும் கோலம் போட்டேன். ரெண்டு எவர்சில்வர் டம்ளரைப் புளி போட்டு விளக்கி வைத்தேன். ஜீப் வரும், காக்கி இறங்கும், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பீரமாக என் பெயரைக் கேட்கும் என்று காத்திருந்தேன்.

வந்தது ஒரு மொபெட். அதில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை. பைக்கு வெளியே நாலு கத்தரிக்காய் எட்டிப் பார்த்தன. ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் அன்றைக்குத்தான் வந்திருந்தது. நான் இடுப்பில் குடத்தோடு நின்றேன்.

"ஏம்மா, இங்க மு. செண்பகவல்லின்னு ஒரு அம்மா இருக்காங்களாமே, வீடு எது?"

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். கொச்சியில் இறால் கொட்டகையிலிருந்து காண்டிராக்டரிடம் சொல்லாமல் ஓடிவந்தவள் நான். கை விரலெல்லாம் புண்ணாகி, சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரிந்து, விடியுமுன் ஓடினோம், நாங்கள் மூன்று பேர். அப்படி ஓடிய பிள்ளைகளைத் தேடி ஆள் வரும். வருகிற ஆள் முழுப்பெயரை இனிஷியலோடுதான் கேட்பான். நம்மை நேசிக்கிற யாரும் நம்மை இனிஷியலோடு கூப்பிடுவதில்லை. அதனால் இனிஷியல் காதில் விழுந்தால், மூளைக்குச் செய்தி போகுமுன் என் வாய் வேலையை முடித்துவிடும்.

"அவளா? அவ இங்க இல்லையே" என்றேன்.

"எங்க போயிருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? இன்னிக்கு இங்கன இருப்பா, நாளைக்கு எங்கனயோ. ஒரு எடத்துல கால் தரிக்காது அவளுக்கு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேடி வருகிறவனிடம் ஆளை நல்லவள் என்று சொன்னால் மறுபடி வருவான். உருப்படாதவள் என்று சொன்னால்தான் தலைமுழுகிவிட்டுப் போவான். இது என் அனுபவப் பாடம்.

"ஆளு எப்படி? பிள்ளைகள அணைச்சு வளக்கக்கூடிய ஆளா?"

(எந்தக் காண்டிராக்டர் இப்படிக் கேட்பான்? அந்தக் கேள்வியிலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா?)

"பிள்ளையா? அவள நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட விட்டுட்டுப் போக முடியாது. பெத்த பிள்ளையவே அக்கா வீட்டுல போட்டுட்டுச் சுத்துறவ."

அந்தக் கடைசி வரியை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யோசிக்காமல் வந்தது. சொன்னபிறகு குடம் திடீரென்று கனத்தது.

அதற்குள் மும்தாஜ் அக்கா வந்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாளிடம் ஒருத்தி ஒன்றைச் சொல்லிவிட்டால், அது என்ன ஏது என்று கேட்காமல் மற்றவர்கள் முட்டுக்கொடுப்பார்கள். அக்கா மூச்சு விடாமல் ஆரம்பித்தார்: "ஆமா சார், அவ போனதுல இருந்துதான் தெருவே நிம்மதியா இருக்கு. அம்புட்டு வாய்!"

பெரியவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். "உங்க பேரும்மா?"

"பேச்சியம்மாள்" என்றேன். அவசரத்துக்கு மம்சாபுரத்து அக்கா பெயர்தான் கிடைத்தது. நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். புளி போட்டு விளக்கிய அதே டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நல்லா இருங்கம்மா என்று மொபெட்டை உதைத்தார்.

"யாருட்டி அது?" என்றார் மும்தாஜ் அக்கா.

"எவனோ கொச்சிக்காரன். இனிமே வரமாட்டான் பாரு."

எட்டாம் நாள் செல்லுக்கு மெசேஜ் வந்தது. விசாரணையில் பாதகமான தகவல் கிடைத்திருப்பதால் சான்று வழங்க இயலாது. பிரவுசிங் சென்டர் பெண் வாசித்துக் காட்டினாள். போலீஸே வராமல் எவள் போய்ச் சொல்லியிருப்பாள்? தெருவில் இறங்கி மூன்று வீட்டில் சண்டை போட்டேன். குழாயடியில் எனக்கு முன்னால் குடம் வைக்கிற ஒருத்திமேல்தான் முழுச் சந்தேகம். "பிள்ளைய என்கிட்ட சேர விடாம பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டு அவளை அழவே வைத்துவிட்டேன். (அவளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம்.)

கோபம் அடங்காமல் ஸ்டேஷனுக்கே போனேன். சொன்னது யார் என்று தெரியாமல் திரும்புவதில்லை என்று உள்ளே நுழைந்தால், மேஜைக்குப் பின்னால் காக்கியில் ஒருவர். நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"வாங்க பேச்சியம்மா! அந்தச் செண்பகவல்லி திரும்பி வந்துட்டாளா?"

கத்தரிக்காய் ஞாபகத்துக்கு வந்தது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஏட்டையா" என்றேன், "நான்தான் அவ."

ஏட்டையா மனுவை எடுத்துப் பார்த்தார். அதன் ஜெராக்ஸில் என் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு உருண்டை மட்டும் இருந்தது. "ஏம்மா, நாலு தடவ போன் அடிச்சேனே?"

"தெரியாத நம்பர எடுக்க மாட்டேன் ஏட்டையா."

"பொம்பளப் பிள்ளையத் தேடி காக்கியில போனா தெருவே கதை கட்டுமேன்னு உனக்காகத்தான் வேட்டியில வந்தேன்!"

எஸ்.ஐ. அம்மா முன்னால் நிறுத்தினார்கள். என்னைவிடச் சின்ன வயசு. சிரிக்கவில்லை. "போலீஸ்கிட்ட பொய் சொல்லிருக்கீங்க. அடுத்தவங்க பேர்ல கையெழுத்து வேற. உங்களை நம்பி நான் எப்படிப் பிள்ளைகள விடச் சொல்றது?"

நியாயமான கேள்வி. அழுது காரியம் இல்லை. கொச்சியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், சேர் எடுத்துப் போட்டது உட்பட. கடைசியில் சொன்னேன்: "மறுபடியும் விசாரிங்கம்மா. எம்புட்டு பேர்ட்ட கேக்கணுமோ கேளுங்க. நான் இருந்த ஊர்ல எல்லாம் கேளுங்க. இந்தத் தடவ நான் வாயத் தொறக்கல."

அவர் அப்போதே பெங்களூர் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் அம்மா. தீபாவுக்கு மஞ்சள்காமாலை என்று கேள்விப்பட்டு, அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியவள் நான்.

"சொல்லாமப் போயிட்டா மேடம், அது பெரிய தப்பு" என்றது போன். "ஆனா பிள்ளைங்க விஷயத்துல ஒரு குறை சொல்ல முடியாது. என்ன, ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் அவங்க தாத்தாவ 'ஏலே, இங்கன வாலே'ன்னுதான் கூப்பிடுதுங்க. திருத்த முடியல."

எஸ்.ஐ. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மறுவிசாரணைக்கு ஏட்டையா முழுக் காக்கியில் வந்தார். தெரு இந்தமுறை உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தது. கோபக்காரி, குழாயடிச் சண்டைக்காரி, இரவல் வாங்கிய சல்லடையைக் கேட்டால்தான் கொடுப்பாள் என்று ஒன்று விடாமல் எழுத வைத்தார்கள். நான் அழவைத்த பெண்ணையும் கேட்டார் ஏட்டையா. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் பிள்ளைக்கு வெட்டு வந்து கைகால் இழுத்தப்ப, பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காம ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டு ஓடுனவ அவதான். அத எழுதிட்டு, பொறவு வாய் மோசம்னும் எழுதிக்கோங்க."

ஏட்டையா மம்சாபுரத்துக்கும் போனார். அக்காவிடம், "நீங்க ஏற்கனவே ஒரு வாக்குமூலம் குடுத்திருக்கீங்களேம்மா" என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். அக்கா முழுசும் கேட்டாள். "கையெழுத்துத்தான் என்னோடது இல்ல சார். சங்கதி சரிதான். பூனைக்குட்டி மட்டும் கொஞ்சம் கூடுதல்" என்றாளாம். பிறகு உள்ளே போய் தீபாவின் பையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். நான் மனு போட்ட அன்றே துணியெல்லாம் மடித்து வைத்திருந்தாள்.

சான்று வந்தது. என்மேல் பாதகமாக ஏதும் இல்லை என்று என் பெயரை இனிஷியலோடு அடித்து, முத்திரை குத்தியிருந்தது. மேடம் இரண்டுமுறை வாசித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகுதான் பிள்ளைகள் இருந்த அறையின் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு அப்படித்தான் திறக்க வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வந்து மூக்கு விடைக்கிற பெண்களுக்கு நான்தான் காரணம் சொல்கிறேன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. மம்சாபுரத்து அக்கா இன்னும் விடவில்லை. தினமும் தீபாவுக்குப் போன் போட்டு, நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தே, ஏட்டையா குரலில் கேட்பாள்: "அந்தச் செண்பகவல்லிங்கிறவ அங்க இருக்காளா, எங்கயும் போயிட்டாளா?"

தீபாவும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

"இருக்கா பெரியம்மா. இன்னிக்கும் இங்கதான் இருக்கா."