கார்னோடாரஸின் குட்டைக் கைகள்

அரைகுறையாகப் படித்தவனிடம்கூடத் தப்பித்துவிடலாம். ஒரு விஷயத்தை முழுசாகப் படித்துவிட்டு, அதைச் சொல்ல ஆள் தேடி அலைகிறவனிடம் தப்பிக்கவே முடியாது. இளவயதில் நான் இந்த இரண்டாவது ரகம்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். முதல் ஆர்டர் தேறினால்தான் வேலை நிலைக்கும். விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், புஸ்வாணப் பெட்டிக்குக் கொம்பு வைத்த டைனோசர் கேட்டிருந்தார். நான் கார்னோடாரஸைப் பிடித்தேன். (அதுதான் என்னைப் பிடித்தது என்பாள் அம்மா.) சோறு தண்ணி இல்லாமல் படித்தேன். கண்ணுக்கு மேலே இரண்டு கொம்பு, குட்டை முகம், ஓடுவதற்கென்றே நீண்ட கால்கள், கனத்த வால். கைகள் மட்டும் முழங்கை இருப்பதே தெரியாத அளவுக்குச் சின்னவை. அப்படியே வரைந்தேன்.

"ஏலே, கொம்பு இருந்தா புல்லுல்ல திங்கும்?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

"இது கறி திங்கிறது அண்ணாச்சி. கொம்பு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிடறதுக்கு."

"சரி, கையைக் கொஞ்சம் நீட்டி விடுலே. பார்க்கச் சகிக்கலை."

மறுத்துவிட்டேன். வேட்டைக்கு அதன் வாயே போதும், கைக்கு வேலையே இல்லை என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அண்ணாச்சி களைத்துப்போய் அச்சுக்கு அனுப்பினார்.

லோடு எடுக்க வந்த பாய், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட கை என்னாச்சு?"

"பிறவியிலேயே அப்படித்தான் பாய்..." என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"தம்பி, பட்டாசுப் பெட்டியில கையில்லாத ஒண்ணைப் போட்டிருக்கீக. இதைக் கொளுத்தித்தான் கை போச்சுன்னு சனம் நினைக்காதா? எந்த அப்பன் பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பான்?"

பட்டாசு ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அடித்த அட்டையைத் தூக்கிப் போடவும் வழியில்லை. 'புதுசு' என்று நட்சத்திர ஸ்டிக்கர் அடித்து, கைகள் மறையும்படி ஒவ்வொரு பெட்டியிலும் நானே ஒட்டினேன். பாய் முனகிக்கொண்டே எடுத்துப் போனார். என் வேலை பிழைத்தது.

அண்ணாச்சி சும்மா இருந்தாரா? என் கல்யாணத்துக்கு வந்தபோது மணப்பெண்ணிடமே இதை விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு நான் எழுந்தால், விருந்தாளிகள் முன்னாலேயே என் மனைவி சொல்வாள்:

"விடுங்க, அவுகளுக்குக் கை எட்டாது. கறி மட்டும் நல்லாத் திம்பாக."