மூச்சை இழுத்துப் பிடித்த மலை

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில், ஒரு பாறைமேல் இருந்த கேமராவுக்குள் மெமரி கார்டு இல்லை.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியாது. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வருடத்துக்கு மூன்று முறை முதுகுப்பையோடு தன்னந்தனியாக மலைக்குப் போவார்; எடுத்த படங்களை ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அன்று பனி முகடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றார், பழக்கதோஷத்தில், மலையிடம்.

மலை பிடித்தது. பொத்தானை அழுத்தினார்.

"விடலாம்."

பனி நகர்ந்தது.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கார்டை நீட்டினாள். "மூணு நாளா கம்ப்யூட்டர்லயேதான் இருந்துச்சு."

"அப்போ நான் எடுத்ததெல்லாம்?"

"மனசுல பதிஞ்சிருக்கும்."

மனசைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது. எக்ஸ்ரே அறை வராந்தாவில் பெரிய டாக்டர் ஆறடிச் சட்டத்தை ஏற்கெனவே மாட்டிவிட்டார். "வெறும் சுவரைப் பாத்தே பாதிப் பேருக்கு வியாதி முத்துதுய்யா. ஒரு மலையைக் கொண்டா," என்று சொல்லித்தான் லீவே கொடுத்திருந்தார்.

எக்ஸ்ரேக்காரர் கட்டிலில் சரிந்தார். ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்து, கலைந்து கிடந்த வெள்ளைப் போர்வை மேல் பரவியது. மடிப்புக்குப் பின்னால் மடிப்பு. இடையில் நீல நிழல்.

"கொஞ்சம் வெந்நீர் கொண்டா."

"குளிக்கவா?"

"பனிக்கு."

ஆவி பறக்க எடுத்த படம் அற்புதமாக வந்துவிட்டது. அதுதான் வினை. வராந்தாவில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைப் பார்த்து அடங்கிப்போனார்கள். "எந்த மலைய்யா இது?" என்றார் டாக்டர்.

"இன்னும் பேர் வைக்கலை சார்."

பேர் வைக்காத மலை என்றதும் ஊரே திரண்டு வந்தது. அதில் ஒருவர் சிகரத்தார். அந்தக் காலத்தில் மலையேறியவர் என்பதால் வந்த பட்டப்பெயர். அவருடைய முழங்காலை எக்ஸ்ரேயில் பார்த்தவர் இவர்; அந்த முட்டிக்கு மாடிப்படியே மலை.

"தம்பி, நான் ஏறாத மலையே இல்லைன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். இது எங்க இருக்கு?"

"ரொம்பத் தூரம் சார்."

"தூரம்னா என்ன?"

"பாதை மகா மோசம். ஆடுகூட ஏறாது."

சிகரத்தாரின் கண் பளபளத்தது. தடுப்பதற்காகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளியது. விட்டால் கண்ட பக்கம் கிளம்பிவிடுவார் என்று இவர் பயந்து, கடைசி பஸ் நிறுத்தம், மரப்பாலம், இடதுபக்க ஒற்றையடிப் பாதை என்று பாதி மெய்யும் பாதி கற்பனையுமாக ஒரு வழி சொல்லி வைத்தார்.

மறுநாள் சிகரத்தார் வீடு பூட்டிக் கிடந்தது. போன் அணைந்திருந்தது.

பத்து நாள் எக்ஸ்ரேக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "என் போர்வையைத் தேடிப் போய் அந்த மனுஷன் எங்கயாவது விழுந்து கிடந்தா?"

"கற்பனை பண்ணது போதும். டாக்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

பதினோராம் நாள் போய் டாக்டருடைய அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே, முழுசாக, சிகரத்தார் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி சொன்ன வழி அச்சு அசல். ஏறிட்டேன்!" மேஜைமேல் ஒரு படம் இருந்தது. அதே முகடுகள், மறுபக்கத்திலிருந்து. அதே பனி. அதே நீல நிழல்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். அன்று பகல் முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை. ஒருவேளை இருக்கிறதோ? நாம் கண்ணால் பார்க்கும் முன்பே, எங்கோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு?

இரண்டு படங்களையும் டாக்டர் வராந்தாவில் அடுத்தடுத்து மாட்டவைத்தார். சாயங்காலம் எக்ஸ்ரேக்காரர் அவற்றின் முன் மெய்மறந்து நின்றிருந்தபோது, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சலவைக்கார அக்கா நின்றாள். ஒரு படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள்.

"உங்களுது பருத்தி தம்பி," என்றாள். "அவரோடது கம்பளி."