கும்பிடப் போன குறடு

"குறடு எங்கே?" என்று பல் டாக்டர் நர்ஸிடம் கேட்டார்.

"பூஜைக்குப் போயிருக்கு சார்."

"எந்தக் குறடு?"

"எல்லாக் குறடும். ஊசி, கண்ணாடி, கொக்கி, நீங்க மருந்து எழுதற பேனாகூட. காலையில உங்க மாமியார் வந்து தட்டோட அள்ளிட்டுப் போனாங்க."

அன்று வசந்த பஞ்சமி. புத்தகத்தையும் தொழில் கருவியையும் கலைமகள் முன்னால் வைத்துக் கும்பிடும் நாள். வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அதெல்லாம் சரிதான். ஆனால் நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்தவர் கட்டடத்தின் சொந்தக்காரர். கிளினிக்கின் வாடகை ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா, ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் பல்வலி வந்திருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று டாக்டர் காலையிலிருந்து பூரித்துப் போயிருந்தார்.

"ரெண்டே நிமிஷம் ஐயா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். வீடு மேலேதான்.

பூஜை அறையில் மாமியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துணிக்கு அடியில் மகளின் பாடப் புத்தகங்களும், மனைவியின் தையல் சாமான்களும், டாக்டரின் பிழைப்பும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தன.

"அத்தை, ஒரே ஒரு குறடு."

"நாளைக்கு."

"போன வருஷம் ஒரு சின்னக் கண்ணாடியை மட்டும்தானே வச்சோம்?"

"போன வருஷம் பக்தி குறைச்சலா இருந்துச்சு மாப்பிள்ளை. அதான் தொழில் இப்படி இழுத்துக்கிட்டு நிக்குது."

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்கு மாமியாரிடம் மட்டும் வாய் திறக்காது. கீழே இறங்கி வந்தார். எதிர்த்தெரு டாக்டரிடம் ஒரு குறடு இரவல் வாங்கி வரும்படி நர்ஸை அனுப்பினார். குறடு வந்தது. கூடவே எதிர்த்தெரு டாக்டரும் வந்தார்.

"என் குறடு என் கையிலதான் பேசும்" என்றவர், சொந்தக்காரரின் வாய்க்குள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஐயா, நம்ம இடத்துக்கு வாங்க. அங்க சாமானெல்லாம் சாமி கும்பிடப் போகாது."

சொந்தக்காரர் வீங்கிய கன்னத்தோடு எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

"நம்ம சாமான் வெந்நீர்ல கொதிச்சுக்கிட்டிருக்கு ஐயா. இதோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடி மாடிக்கு ஓடினார்.

மாமியார் இன்னும் கண்ணை மூடித்தான் இருந்தார். டாக்டர் பூனை மாதிரி நகர்ந்து, துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். இரும்பாக, இரண்டு கைப்பிடியோடு ஒன்று அகப்பட்டது. "தாயே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி அதை உருவிக்கொண்டு, திரும்பிப் பாராமல் கீழே வந்து சேர்ந்தார்.

"ஆ காட்டுங்க ஐயா."

சொந்தக்காரர் ஆ காட்டினார். பிறகுதான் டாக்டரின் கையைப் பார்த்தார். டாக்டரும் அப்போதுதான் பார்த்தார். அது அவர் மனைவி கோட்டுத் துணி வெட்டும் முழ நீளக் கத்தரிக்கோல்.

உயிர் தப்பினால் போதும் என்று சொந்தக்காரர் துள்ளி எழுந்தார். மேலே நீட்டிக்கொண்டிருந்த விளக்கில் அவர் தாடை படாரென்று மோதியது. ஆடிக்கொண்டிருந்த பல் தெறித்து விழுந்து, எதிர்த்தெரு டாக்டரின் செருப்பருகே போய் நின்றது.

சொந்தக்காரர் நாக்கால் துழாவிப் பார்த்தார்.

"வலியே இல்லையே" என்றார். "ஊசி இல்ல, குறடு இல்ல. பயமுறுத்தியே எடுத்துட்டீங்களே. புது வைத்தியமா?"

"ஆமாங்க" என்றார் டாக்டர், கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"இடம் உங்களுக்குத்தான். ரொட்டிக் கடைக்காரரை வேற எங்கயாவது பார்த்துக்கச் சொல்லிடறேன்."

எதிர்த்தெரு டாக்டர் நடையைக் கட்டினார். நம் டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாடிக்குப் போய்க் கத்தரிக்கோலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"உங்க பக்திதான் அத்தை கிளினிக்கைக் காப்பாத்துச்சு. இனிமே வருஷா வருஷம் எல்லாத்தையும் நானே கொண்டாந்து வச்சிடறேன்."

"அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு மாப்பிள்ளை? இப்பவே இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே" என்றார் மாமியார்.

அப்போது நர்ஸ் படியேறி வந்து வாசலில் நின்றார்.

"சார், உங்க மாமியாருக்கு இன்னைக்குப் பிடுங்கறதா இருந்த கடவாய்ப் பல்லை என்னைக்கு வச்சுக்கலாம்?"