சைவக் கல்யாணத்தில் ஒரு மீன்வலை

எனக்குக் கலைரசனை உண்டு என்று நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி என் நாத்தனார் கோமதி. இன்னொருத்தி நான். கோமதி தன் கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு அந்த நம்பிக்கையைக் கைவிட்டாள். நான் இன்னும் முழுதாக விடவில்லை.

நான் சுசீந்திரத்துக்காரி. பத்தொன்பது வயதில் கருங்கல் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமான நாற்பதாம் நாள் என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கடையில் வேலை. ‘ஆறு மாசத்தில் வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்போது இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தார், கடிதங்களில்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். நாம் எந்த ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று சந்தையில், பஸ்ஸில், கிணற்றடியில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மாமா சந்தை முக்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பகலெல்லாம் கடையில் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டில் மூக்குப்பொடி போடுவதற்கு மட்டுமே முகத்தை உபயோகிப்பார். அத்தை என்னோடு ஒரு நாளைக்கு ஆறு வாக்கியம் பேசுவாள். (எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேறு வேலை?) “வெளக்கு வச்சியா?” “உப்பு போட்டியா?” இந்த ரகம். கொடுமைக்கார மாமியாராக இருந்தாலாவது சண்டை போட்டுப் பொழுதைப் போக்கலாம். அத்தை நல்லவள். நல்லவளோடு எப்படிச் சண்டை போடுவது? பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல என்னை ஒரு தடவை ‘மக்களே’ என்று கூப்பிடமாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தேன். பால்காரியைக்கூட ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவாள். என்னைக் கூப்பிடவேண்டி வந்தால், “இந்தா…” என்பாள்.

பேச ஆளில்லாதவள் என்ன செய்வாள்? பார்ப்பாள். நான் பார்க்க ஆரம்பித்தேன். வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே வட்டத்துக்குள் வட்டம். பலாப்பழத் தோலில் முள் வரிசை. இடியாப்பத் தட்டின் ஓட்டைகள். மாமாவின் ஈரிழைத் துண்டில் கட்டம். நாகர்கோவில் பஸ்ஸின் முன்பக்கக் கம்பி அழி. எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். ‘இது ஜன்னல் திரைக்கு ஆகும்.’ ‘இது மணவறைத் தூணுக்கு ஆகும்.’ யாருடைய ஜன்னல், யாருடைய மணவறை என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது ஒரு மீன்வலை. எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரே, மதிலுக்கு அந்தப்பக்கம் ரோசம்மாள் வீடு. கொளச்சலில் பிறந்து வளர்ந்தவள். வலை நெய்வதும் கிழிந்த வலையைப் பொத்துவதும் அவள் பிழைப்பு. முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு பழைய வலையை விரித்துக் கட்டியிருப்பாள். பருத்தி நூல், பட்டைச் சாயம் ஏறி நல்ல தேயிலை நிறம். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் அதன் வழியாக இறங்கும்போது, அவள் முற்றம் முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல் ஆடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானத் தூக்கத்தை விட்டேன். அந்த நேரத்தில் அத்தை தூங்குவாள், மாமா கடையில் இருப்பார், கோமதி தையல் வகுப்புக்குப் போயிருப்பாள். எனக்குத் துணை அந்த நிழல்தான்.

கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வடசேரிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அவர்களும் எங்களைப்போல மீன் வாசலேறாத சுத்த சைவம். ‘சைவத்தில்தான் பெண் எடுப்போம்’ என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்று இடத்தைத் தட்டிவிட்டு எங்களிடம் வந்திருந்தார். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் குழந்தைகூட அழாது என்று கேள்வி.

ஒருநாள் கோமதி என் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

“மைனி! இதெல்லாம் நீங்களா வரைஞ்சிய? எனக்க கல்யாணத்துக்கு நீங்கதான் மணவறை ஒருக்கணும், கேட்டியளா?”

அந்த வீட்டில் என்னிடம் ஒருத்தி ஏதோ ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது அதுவே முதல் தடவை. தலைகால் புரியவில்லை. எல்லோரும் கட்டுவதுபோல மேலே ஒரு வெள்ளைத் துணி, ஓரத்தில் நாலு கலர்த் தாள் என்று முடித்துக்கொண்டால் நான் எதற்கு? அன்று மத்தியானம் மதிலருகே போனேன்.

“ரோசம்மா, அந்த வலைய ஒரு ரெண்டு நாளைக்குத் தருவியா?”

“வலையா? சைவக்காரிய வலைய வச்சு என்ன செய்ய?”

“கண்ணிக்குக் கண்ணி பிச்சிப்பூ சொருகி மணவறைக்கு மேல கெட்டப் போறேன்.”

ரோசம்மாள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். “எம்மாடி! நல்லாத்தான் இருக்கும். எடுத்துக்கிடுங்க. கடலுக்குப் போயி வருசமாச்சு.”

“வாடை கீடை அடிக்காதே?”

அவள் வலையை முகத்தோடு சேர்த்து நன்றாக மோந்தாள். “ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.”

நானும் மோந்து பார்த்தேன். கருங்கல் சந்தைப் பக்கம் காற்று வீசும்போது வருமே, அந்த மணம் லேசாக வந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அது இந்த ஊர்க் காற்றின் மணம் என்றே நினைத்திருந்தேன். சுசீந்திரத்தில் எங்கள் தெருவுக்குள் மீன்காரி வந்ததில்லை. ஆக, ஒருத்திக்கு மீன்வாடை இன்னதென்றே தெரியாது, இன்னொருத்திக்கு அது வாடையே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வலைக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தோம்.

வீட்டில் யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மாமாவின் மூக்கு பொடியில் என்றோ செத்துப்போயிருந்தது. அத்தையும் என்னைப்போல மீனறியாதவள். தவிரவும், அசந்துபோகட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டி முடித்ததும் அத்தை வந்து அண்ணாந்து பார்த்தாள். தேயிலை நிறக் கண்ணிகளில் பிச்சி மொட்டுகள், நடுவில் தாமரை. ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லாருக்கு” என்றாள். ஏழாவது வாக்கியம்! நான் உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் செய்ததுதான் என் மேதாவித்தனத்தின் சிகரம். பூ வாடக்கூடாது என்று இரண்டு குடம் தண்ணீரை மொண்டு மொண்டு வலை மேல் தெளித்தேன். ஒரு வருஷமாகக் காய்ந்து கிடந்த வலை, ஆனந்தமாகக் குடித்தது.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எட்டரைக்கு வெயில் ஏறியது. ஓலைப் பந்தலுக்குள் புழுக்கம். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தார். மாப்பிள்ளையின் மாமன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“அண்ணாச்சி, இது என்ன வாடை?”

“வாடையா? எனக்கொண்ணும் தெரியலியே” என்றார் மாமா. (பொய்யில்லை.)

“உளும்பு வாடை வேய்! மீனு! சைவக்காரன் வீட்டுக் கல்யாணத்துல மீனா?”

அவர் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குப் போனார். பின்னாலேயே நாலு பேர். அவியல், எரிசேரி, புளிசேரி, பிரதமன் என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். எதுவும் கிடைக்காத கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

“எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு. நாங்க ஏமாந்துட்டோம். ஏலே மாப்பிள, எந்திரிலே!”

மாப்பிள்ளை பாதி எழுந்தார். கோமதி தலையைக் குனிந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. பயம். இந்தக் கல்யாணம் நின்றால் இந்த வீட்டில் எனக்கு அந்த ஆறு வாக்கியமும் போய்விடும் என்பதுதான் மனசில் ஓடியது.

எனக்குப் பதிலாகப் பூனை பேசியது.

கருங்கல்லில் எத்தனை பூனை உண்டு என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. பந்தல் காலைச் சுற்றி ஏழெட்டு. கூரை ஓலையைப் பிரித்துக்கொண்டு ஒரு செவலைக் கடுவன் வலை மேல் குதித்தது. நாலு காலும் நாலு கண்ணிக்குள் இறங்கிவிட, மாப்பிள்ளையின் தலைக்கு ஒரு முழம் மேலே அப்படியே தொங்கியது. மாப்பிள்ளை பூனையைப் பார்த்தார். பூனை மாப்பிள்ளையைப் பார்த்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. ஒரு மூலைக் கயிறு அறுந்தது, பின்னாலேயே மற்ற மூன்றும். மாப்பிள்ளை, பெண், சாஸ்திரிகள், கடுவன் எல்லோரும் பிச்சிப்பூவோடு ஒரே வலையில்.

யாரோ அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு அலறல். “ஐயோ, வலைய அறுக்காதிய! நான் வந்து எடுத்துத் தாறேன்!” சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ரோசம்மாள் மதிலைத் தாண்டிக் குதித்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நடுப்பந்தலுக்குப் போய் நின்றேன். “நான்தான் கெட்டினேன். மீன்வலையாக்கும். வாடை இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றேன். அந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் மாமன் நம்பவில்லை. “வெறும் வலைக்கு இந்த வாடை வராது. இது நெத்தோலியாக்கும். நல்லா காஞ்ச நெத்தோலி. சாளைன்னா வேற மாதிரி இருக்கும். என்னைய ஏமாத்த முடியாது!”

தூணருகே நின்றிருந்த அத்தை முன்னால் வந்தாள். என் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க நின்றாள்.

“ஒரு சந்தேகம் கேக்கட்டா? நேத்து சாயங்காலத்துல இருந்து இந்த வலை எங்க தலைக்கு மேல தொங்குது. நாங்க நாலு பேரும் இதுக்கடியில நடந்தோம். மீன் வாடைன்னு எங்களுக்குத் தெரியல்ல. நாங்க தின்னா தெரிஞ்சிருக்கும்.” அவரை நேரே பார்த்தாள். “நெத்தோலிக்கும் சாளைக்கும் உள்ள வித்தியாசம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

வலைக்குள்ளிருந்து முதல் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை. அப்புறம் சாஸ்திரிகள். அப்புறம் மாமனின் சொந்த மனைவி. சிரிப்பு பந்தல் வாசல் வரை போய்த் திரும்பி வந்தபோது மாமன் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ரோசம்மாள் இரண்டே நிமிஷத்தில் எல்லோரையும் பிரித்தெடுத்தாள், கடுவனைக் கடைசியாக. முகூர்த்தம் தப்பவில்லை. கோமதியின் கழுத்தில் தாலி ஏறியது. வாடையும் கடைசிவரை இருந்தது.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் காரேறிப் போனார்கள். என்னோடு பேசிய ஒருத்தியும் போய்விட்டாள். பின்முற்றத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து வாடிய பூக்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரே உட்கார்ந்து, மறுபக்கத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். பாதி வலை முடிந்ததும், தலை நிமிராமல் கேட்டாள்.

“மக்களே, இது நெத்தோலியா, சாளையா?”

சிரித்துச் சிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னுடையது நிற்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யாராவது தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒரு விஷயத்தைக் கரைத்துக் குடித்திருந்தால், “நெத்தோலியா, சாளையா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ‘சீட்டாட்டமா, எனக்குத் தெரியாதே’ என்று தொடங்கி ஆட்டத்தை ஜெயிப்பவனிடம் கேட்போம். மூன்றாம் தலைமுறையும் கேட்கிறது.

அந்தக் கதையை எங்கள் வீட்டில் மிக நன்றாகச் சொன்னவர் என் வீட்டுக்காரர். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அவர் அங்கே இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வரக் கொழும்பில் பயண அனுமதிக் காகிதம் கிடைக்கவில்லை. அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தார். வந்து, அத்தையிடம் கேட்டு, ரோசம்மாளிடம் கேட்டு, என்னிடம் மூன்று தரம் கேட்டு, பிறகு ஊர் முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார். வருஷம் போகப்போகப் பூனைகள் இருபதாயின. அதற்கப்புறம் ஒருநாள், “நான் தெக்குத் தூணுக்குப் பக்கத்துல, இவளுக்கு அடுத்தாப்புல நிக்கேன், கேட்டியளா…” என்று கதைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார்.

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திருத்தவில்லை. அவர் இருந்தவரைக்கும் திருத்தவில்லை. அந்தப் பந்தலில் எனக்குப் பக்கத்தில் அவர் நின்றது அந்தக் கதையில் மட்டும்தான்.