மூன்றடி பிலோமி

சேசு மரி சூசை துணை

சிஞ்ச்வட், புனே

அன்புள்ள மாப்பிள்ளை ஆண்டனிக்கு, அத்தான் ஆரோக்கியசாமி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு உன் முழங்காலும் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் எல்லாம் சுருங்கிப்போகிறது என்று தெரிந்துகொண்டதால் தாளில் எழுதுகிறேன்.

உன் அக்கா பிலோமியின் வருஷப் பூசைக்கு மாதா கோயிலில் வைக்க மூன்றடிப் படம் வேண்டும். அவள் சிரித்த மாதிரி இருப்பது ஒன்றே ஒன்று. மகள் கீர்த்தி கல்யாணப் பந்தியில், பிரியாணி அண்டாவைப் பார்த்துச் சிரித்தது. எடுத்த போன் எங்கே கிடக்கிறதோ. சொந்தக்காரர்கள் குரூப்பில் பத்துக் கை மாறி, முகம் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்த்தவன் நான். கட்டம் கட்டமாக இருக்கும் மூக்கை எப்படிச் சரி என்று விடுவேன்? பிரிண்ட் கடை ரமேஷ், "காகா, டென்ஷன் கேவு நகா" என்று, கவலைப்படாதீர்கள் என்பதை மராத்தியில் சொல்லி, இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டரே யோசித்துப் போட்டுக்கொள்ளும் என்றார். ஓரடியில் முகம் பளிச்சென்று வந்தது, ஆனால் அண்டாவைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்தாள். இரண்டடியில் இடது காதுக்குக் கீழே மிளகளவு மச்சம் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்து பார்த்த மச்சம், கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? மூன்றடியை ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்தால் என்னைப் பார்க்கிறாள். எழுந்து சமையலறைக்குப் போனால், ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று அங்கேயும் பார்க்கிறாள். ரெண்டு நாளா உப்பு சரியா இருக்கு மாப்பிள்ளை, அதுதான் பயமா இருக்கு.

பூசைக்கு வந்திருக்கும் கீர்த்தி படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மச்சமே கிடையாதுப்பா. இது வேற யாரோ" என்றாள். பெற்ற தாயைத் தெரியாத பிள்ளை. அவளோடு பேச்சில்லை. கூடப் பிறந்தவன் நீ, மச்சம் இருந்தது என்று இரண்டு வரி எழுது, அவள் மூஞ்சியில் நீட்டுகிறேன்.

தங்கச்சி பாத்திமாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பேரில் சிலுவை போடு.

அத்தான்,
ஆரோக்கியசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கீர்த்தி பழைய போனைத் தேடிப்பிடித்து அசல் படத்தைக் காட்டிவிட்டாள். தெள்ளத் தெளிவாக இருக்கிறது. மச்சம் இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தையும் புரட்டினேன், அதிலும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் மச்சத்தோடுதான் வருகிறாள். அது இல்லாத முகம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நீ யோசிக்காதே மாப்பிள்ளை, இருந்தது என்றே எழுதிவிடு.