ஏழாம் கட்டிலில் இருந்தவர்

என் மூன்று மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசிச் செவ்வாய், புதன் கிழமைகளில் நடந்தவை, வரிசைப்படி:

1. செவ்வாய் மாலை, ஏழாம் கட்டிலுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன்.
2. புதன் காலை ஐந்தரை மணிக்கு எனிமா கொடுத்தேன்.
3. வயிற்றில் சவரம் செய்து, அயோடின் பூசி, கொதிக்க வைத்து உலர்த்திய துணியால் சுற்றினேன்.
4. கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தேன்.
5. அவர் நோயாளி அல்ல.

முதல் நான்கையும் பிழையில்லாமல் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடம் எடுத்த எந்த ஆசிரியையும் அந்த எனிமாவில் ஒரு குறை காண முடியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் படித்து முடித்திருந்தேன். தலைமை ஆஸ்பத்திரியைச் சுற்றி ஐந்து கிளை ஆஸ்பத்திரிகள் இருந்தன. மண்டைக்காட்டிலிருந்து முட்டம் போகும் வழியில் இருந்த கிளைக்கு என்னை அனுப்பினார்கள். பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில்கள். பெரிய டாக்டர் புதன்கிழமை மட்டும் வந்து ஆபரேஷன் செய்வார்; மற்ற நாட்களில் மற்ற கிளைகள். புதனைத் தவறவிட்டால் நோயாளி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை டாக்டருடன் மேட்ரனும் வருவதாக இருந்தது. என் வேலையைப் பார்த்துவிட்டு, என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவர் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் நான் நாகர்கோவிலுக்குத் திரும்ப வேண்டும். நர்ஸ் படிப்புக்கே அரை மனதோடு அனுப்பிய அப்பா, பஸ் ஏற்றிவிடும்போது தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மூணு மாசம் பாரு மக்கா. சரிப்படல்லன்னா வந்திரணும். பெறவு அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

சரிப்படாமல் போவதற்கு இடமே இல்லை என்று நினைத்தேன். ஏனென்றால் என்னிடம் பட்டியல்கள் இருந்தன. மருந்துக்கு ஒன்று, துணி மாற்றுவதற்கு ஒன்று, கொதிக்க வைக்கும் சாமான்களுக்கு ஒன்று, எந்தப் பட்டியல் எந்த ஆணியில் தொங்குகிறது என்பதற்கு ஒன்று. வந்த முதல் வாரத்திலேயே, கட்டில் தலைமாட்டுச் சிலேட்டுகளில் இருந்த பெயர்களை அழித்துவிட்டு எண்களை எழுதினேன். ஒரே வார்டில் மூன்று பொன்னம்மாள் இருந்தால் குழப்பம் வரும்; எண்களால் வராது. (எண்கள் குழப்பம் செய்யவில்லை என்பது இன்றைக்கும் உண்மை. ஏழு கடைசி வரை ஏழாகத்தான் இருந்தது.)

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாம் கட்டிலுக்கு நோயாளி வந்தபோது நான் ஆபரேஷன் தியேட்டரில் கத்திரிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்துக்கொண்டது வேறொரு நர்ஸ். மாலையில் நான் பட்டியலோடும் எண்ணெய்க் கிண்ணத்தோடும் போனேன். பட்டியலில் இப்படி இருந்தது: 'ஏழு. வயிற்றில் கட்டி. வயது இருபத்தாறு. நாளை ஆபரேஷன். இரவு முதல் ஆகாரம் கூடாது.'

கட்டிலில் ஒரு கனத்த அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். காதில் பாம்படம் தோளைத் தொட்டது. இருபத்தாறு வயதுக்காரி யாரும் இந்தக் காலத்தில் பாம்படம் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டியல் தவறாக இருக்க முடியாது என்பதும் தெரியும். அதனால் குறிப்பேட்டில், 'தோற்றத்தில் வயது கூடுதல். இரத்தசோகை காரணமாக இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டேன். வயிறு பெரிதாக இருந்தது. அது பொருந்தியது.

"ஏழா?" என்றேன்.

அவர் திரும்பிச் சிலேட்டைப் பார்த்தார். "ஆமா பிள்ளே, ஏழுன்னுதான் போட்டிருக்கு."

"இதைக் குடிங்க."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"இது எல்லாருக்கும் உள்ளதா?"

"ஆபரேஷன்னா எல்லாருக்கும் உண்டு."

அவர் மண்டைக்காடு இருக்கும் திசையைப் பார்த்து, "அம்மே, பகவதியே" என்று கும்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு ஒத்துழைக்கும் நோயாளியை அதுவரை நான் பார்த்ததில்லை.

கட்டிலுக்குக் கீழே விரித்திருந்த பாயில் ஓர் இளம்பெண் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றாள். அவள் வயிற்றைப் பார்த்தேன். ஆறு மாதம் என்று கணக்குப் போட்டேன். கூட்டுக்கு வந்தவள், அதாவது நோயாளிக்குத் துணையாக வந்தவள். துணைக்கு வருபவர்களுக்கும் என்னிடம் ஒரு பட்டியல் உண்டு.

"ஆறு மாசமா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெக்கப்படாத. கூட்டுக்கு வந்தவ பட்டினி கெடக்கப்பிடாது. ரெண்டு உயிருக்குச் சேத்துத் தின்னணும். காலையிலயும் நல்லா தின்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா சிஸ்டர்?"

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மாமியார் தரையில் இருக்கும்போது மருமகள் கட்டிலில் ஏறமாட்டாள். வயிற்றில் கட்டி இருந்தாலும் ஏறமாட்டாள். மாமியாரே ஏறிப் படு என்று சொன்னாலும், ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டுக் கீழே வந்துவிடுவாள். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். ஆனால் நாங்கள் படித்த புத்தகம் சீமையில் அச்சானது. அதில் நோயாளி இருந்தார், கட்டில் இருந்தது, மாமியார் இல்லை. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்திருந்ததை மூன்று வருடப் படிப்பு சுத்தமாக வெளியேற்றியிருந்தது. எந்த எனிமாவும் அவ்வளவு நன்றாக வேலை செய்யாது.

புதன் காலை மறைப்புக்குப் பின்னால் அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். சவரக்கத்தியைக் கண்டதும் மட்டும், "எனக்கக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாடு படுத்தல்ல பிள்ளே" என்றார். நகை எதுவும் இருக்கக் கூடாது என்றேன். பாம்படத்தைக் கழற்ற நேரம் எடுத்தது. கழற்றி, பாயில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க. இருவத்தஞ்சு வருசமா காதை விட்டு எறக்கினதில்ல" என்றார். காது மடல்கள் வெறுமையாகத் தொங்கின. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பட்டியலில் 'நகை' என்பதற்கு எதிரே ஒரு குறி போட்டேன்.

தியேட்டரில் எல்லாம் என் பட்டியல்படி இருந்தது. மேட்ரன் ஓரமாக நின்று தட்டுகளைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் திருப்தி என்று பொருள். பெரிய டாக்டர் கைகழுவிவிட்டு வந்தார். அவர் வெள்ளைக்காரர். தமிழை நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டதால், அசல் எங்கள் ஊர்த் தமிழ் அவருடைய மூக்கு வழியாக வரும். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வயிற்றில் கை வைத்தார். அமுக்கினார். இன்னொரு பக்கம் அமுக்கினார்.

"கட்டி எங்க போச்சு?"

"நேற்று இருந்தது டாக்டர்" என்றேன். (நேற்று நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலில் இருந்தது.)

"போன வாரம் நான் பாத்தப்போ தேங்கா அளவு இருந்துதே." அவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். "அம்மா, நீங்க யாரு?"

"நான் செல்லம்மை. தங்கத்துக்க மாமியாரு."

"தங்கம் எங்க?"

"வார்டுல இருக்கா. மரச்சீனிக் கெழங்கும் சாளைமீன் கறியும் தின்னுக்கிட்டு இருந்தா. சிஸ்டர்தான் நல்லா தின்னச் சொன்னாவ."

டாக்டர் கேட்டார்: "பின்ன நீங்க எதுக்கு இஞ்ச வந்து படுத்துக் கெடக்கிய?"

"படுக்கச் சொன்னாவ, படுத்தேன்" என்றார் செல்லம்மை. பிறகு, நாங்கள் விவரம் தெரியாதவர்கள் என்று தோன்றியிருக்க வேண்டும், பொறுமையாக விளக்கினார். "மண்டைக்காட்டுக்கு ஒருத்தரு மாலை போட்டா வீட்டுல உள்ளவ எல்லாரும் நோம்பு இருக்கமில்லா? இதும் அதுபோலன்னு நெனச்சேன். உள்ள கூட்டிட்டு வந்தப்போ கொஞ்சம் சந்தேகம் வந்துது. ஆனா நான் ஒண்ணைக் கொறச்சு, அது அவளுக்குத் தட்டிப்போவப்பிடாதே."

டாக்டர் ஜன்னல் பக்கமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. மேட்ரனின் தோள்கள் குலுங்கவில்லை.

நாங்கள் வார்டுக்குப் போனபோது தங்கம் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்திருப்பவளுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. இன்று ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்போ இது கட்டி இல்லதானே டாக்டர்? பிள்ளைன்னு சிஸ்டர் சொன்னாவ."

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதுவரை குழந்தை இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். எனிமாவுக்காக நான் வெட்கப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இதை விடவில்லை. "நான் பார்க்காமல் சொன்னேன். என் தப்பு" என்று அவளிடம் சொன்னேன். அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் துணிக்கட்டும் மஞ்சள் அயோடினுமாகப் பின்னாலேயே நடந்து வந்த செல்லம்மைதான் பேசினார். "ஏட்டி, கட்டி போனாத்தானே பிள்ளைக்கு எடம் கெடைக்கும்? மொகத்தைத் தொடச்சுக்க."

டாக்டர் அன்று ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் அவர் போக வேண்டிய கிளைக்கு, பஸ் டிரைவரிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார். அந்தக் கிளையில் இருந்தவர்கள் தங்கள் நோயாளிகளை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். என் தவறுக்காக ஐந்து ஆஸ்பத்திரிகளின் வாரம் முழுவதும் ஒரு நாள் நகர்ந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் மேட்ரன் அழைத்தார். நான் என் தவறுகளைப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பதினொன்று. பெட்டியையும் கட்டி வைத்திருந்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவதாக எழுதினார்: 'பெயரைக் கேட்கவில்லை.'

பிறகு வேறொரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என்னை நிரந்தரமாக்கும் தாள்.

"செய்ததை மறைக்கப் பார்க்காதவளை நான் வீட்டுக்கு அனுப்பறதில்ல, எஸ்தர்" என்றார். "ஆனா இது மற்ற இடத்துலயும் நடக்கக் கூடாது. நீ அஞ்சு கிளைக்கும் போய் நடந்ததைச் சொல்லு."

"தண்டனையா மேட்ரன்?"

"பயிற்சி."

எங்கள் ஆஸ்பத்திரி யாரையும் கைவிடாது என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். உண்மை. என்னைக் கைவிடாமல் பிடித்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது. மூன்றாவது கிளைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் கதை முன்னாலேயே போய்விட்டிருந்தது. அங்கே சொன்ன கதையில் டாக்டர் கத்தியையே எடுத்துவிட்டிருந்தார். நான்காவது கிளையில் நான் சமையலறைப் பக்கம் போனபோது சமையல்கார அம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்து, "சிஸ்டர், நான் இஞ்ச கஞ்சி வைக்கியவ. பாத்துக்கிடுங்க" என்றார்.

மேட்ரன் ஒரு விதியும் கொண்டுவந்தார். வார்டில் சேரும் நோயாளியின் மணிக்கட்டில், பெயர் எழுதிய வெள்ளைத் துணிப்பட்டை கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதற்கு மிஷன் மந்திரக் கயிறு என்று பேராகிவிட்டது. துணைக்கு வருபவர்கள் மட்டும் உள்ளே நுழைந்ததும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறார்கள்.

வீட்டிலும் சும்மா விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பித் தட்டோடு நான் வாசற்படி தாண்டும்போது அத்தை காதருகே வந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பேரு கேட்டுட்டுக் குடு மக்கா" என்றாள். நான் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, "நான் கூட்டுக்கு வந்தவன் இல்ல" என்றார். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; கதை அங்கே வரைக்கும் போயிருந்திருக்கிறது. அவரையே கட்டிக்கொண்டேன்.

தங்கத்துக்கு மறுநாளே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு வருடம் கழித்து, போன மாசியில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாமியாரோடு மறுபடி வந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மரக்குழலை வயிற்றில் வைத்து, காதைப் பதித்து, அந்தச் சின்னத் துடிப்பைக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பிறகுதான் சொன்னேன்.

நேற்று வலி எடுத்துச் சேர்ந்திருக்கிறாள். காலியாக இருந்தது ஏழாம் கட்டில்தான். வழக்கம்போல அவள் கீழே பாயை விரிக்கப் போனாள். செல்லம்மை அவளைத் தடுத்து, "ஏறிப் படுட்டி. நீ ஏறல்லன்னா இவ எனக்குல்லா பேறு பாத்திருவா" என்றார்.

இப்போதைய நிலை: தங்கம் கட்டிலில் இருக்கிறாள், மணிக்கட்டில் பட்டையோடு. செல்லம்மை தரையில் பாயில் இருக்கிறார், காதில் பாம்படத்தோடு. இருவரிடமும் பெயர் கேட்டுவிட்டேன்.